சஃபாரி: சட்டகத்துக்கு வெளியே நடந்தவர்கள்

நம்மில் பலருக்கு சஃபாரி என்னும் சொல் முதலில் ஓர் உடையாகவே அறிமுகமாயிற்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதிகாரிகளும் அரசியல் பிரமுகர்களும் ஒரே துணியில் மேற்சட்டையும் காற்சட்டையுமாகத் தைத்து அணிந்த சஃபாரி சூட்டைச் சொல்கிறோம். பிறகு வண்டலூர் உயிரியல் பூங்காவில் கம்பி வலையிட்ட வண்டிக்குள் அமர்ந்து சிங்கத்தைப் பார்ப்பதற்கும் அதே பெயர் வந்தது. ஆனால் அந்தச் சொல்லின் சொந்த ஊர் கிழக்காப்பிரிக்கக் கடற்கரை. சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம். சஃபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சுவழக்கிலுள்ள சவாரிக்கும் இதற்கும் உறவில்லை. அது பாரசீகத்திலிருந்து வந்தது. இன்றும் அங்கே வெளியூர் கிளம்புகிறவரை 'சஃபாரி ன்ஜெமா' என்று வாழ்த்தி அனுப்புகிறார்கள். 'நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்பதே அதன் பொருள்.

மூலச் சொல்லில் விலங்கு இல்லை. நடக்கும் மனிதர்கள்தான் இருந்தார்கள். இன்று உலகம் அறிந்த சஃபாரியிலோ விலங்குகள் மட்டுமே இருக்கின்றன. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை, அங்கே சென்று வந்த பயணிகளின் எழுத்துகள் வழியாகவே பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இச்சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றவர் ரிச்சர்ட் பர்ட்டன் என்பர். நைல் நதியின் ஊற்றைத் தேடி 1857இல் அவரும் ஜான் ஸ்பீக்கும் இன்றைய தான்சானியாவின் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் அவர்களுக்கு அமைந்த மிகச் சிறந்த துணை சிடி முபாரக் பாம்பே. யாவோ இனத்தில் பிறந்த இவர், சிறுவனாக இருக்கையில் அடிமை வணிகர்களிடம் சிக்கி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். எசமானர் இறந்தபின் விடுதலை பெற்றுத் தாய்நிலம் திரும்பினார். பெயரில் ஒட்டியிருந்த பம்பாயும் நாவில் பழகியிருந்த இந்துஸ்தானியும் இந்திய வாழ்க்கையின் மிச்சங்கள். இந்தியாவில் படைப்பணி ஆற்றிய பர்ட்டனும் ஸ்பீக்கும் அவரோடு பேசியது அந்த இந்துஸ்தானியில்தான். ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியை ஐரோப்பா 'கண்டுபிடித்த' கதையில், கண்டுபிடித்தவரும் வழிகாட்டியவரும் ஓர் இந்திய மொழியில் உரையாடிக்கொண்டே நடந்தார்கள்!

பாம்பே பின்னர் ஸ்பீக்கின் அடுத்த பயணத்திலும், லிவிங்ஸ்டனைத் தேடிச் சென்ற ஸ்டான்லியோடும், கண்டத்தைக் குறுக்காகக் கடந்த கேமரூனோடும் சென்றார். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்க உள்நாட்டை அவரளவு சுற்றியவர்கள் மிகச் சிலரே. அவருடன் சென்ற துரைமார் ஒவ்வொருவரும் நூல் எழுதினர். பாம்பேக்கு லண்டன் புவியியல் கழகத்தின் வெள்ளிப் பதக்கமும் பின்னாளில் ஓய்வூதியமும் கிடைத்தன. நூல் மட்டும் இல்லை.

அக்காலத்தில் சஃபாரி என்றால் தலைச்சுமைக்காரர்களின் நீண்ட வரிசை. ஆளுக்கு ஏறக்குறைய 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சுமை. தந்தமும் அடிமைகளும் கடற்கரைக்குச் சென்ற அதே ஒற்றையடிப் பாதைகளில்தான் ஆய்வாளர்களும் நடந்தார்கள். ந்யாம்வேசி இனத்தார் இத்தொழிலில் பேர்பெற்றவர்கள். சுமை ஒரு தொழில். வழி ஒரு கல்வி. இரண்டும் அவர்களுடையவை.

இக்காட்சியை மாற்றியது இரயில். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி நோக்கி 1896இல் பிரிட்டிஷார் போடத் தொடங்கிய உகாண்டா இரயில்பாதைக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். அவர்களில் சுமார் 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். 1898இல் சாவோ ஆற்றுப்பாலத்தருகே பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்றன. பாலப் பொறியாளர் ஜான் ஹென்றி பாட்டர்சன் அவ்வாண்டு டிசம்பரில் இரண்டையும் சுட்டு வீழ்த்தினார். 1907இல் அவர் வெளியிட்ட நூல், வீட்டிலிருந்தபடியே ஆப்பிரிக்காவைப் படிக்க விரும்பிய ஒரு தலைமுறைக்கு முதற்பாடமாயிற்று.

அந்நூலில் இறந்த இந்தியர் தொகை 28. மாண்ட ஆப்பிரிக்கரைப் பற்றி யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை என்ற குறிப்பும் உண்டு. பிற்காலத்தில் பாட்டர்சன் அந்த எண்ணிக்கையை 135 ஆக்கினார். சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுமார் 35 பேர் உண்ணப்பட்டிருக்கலாம் என்றது. சிங்கங்கள் என்ன தின்றன என்பதை அவற்றின் எலும்பு நூறாண்டு கழித்தும் சொல்கிறது. தின்னப்பட்டவர் யார் என்பதைச் சொல்ல ஏடு இல்லை. உங்கன் சிங் என்னும் சீக்கிய ஜமேதார் போல ஓரிருவர் பெயரே நூலில் தங்கிற்று. சிங்கங்களோ பாடம் செய்யப்பட்டு, 1925 முதல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

பாதை 1901இல் ஏரியை எட்டியது. கோடிக்கணக்கில் செலவழித்த பாதைக்குப் பயணிகள் வேண்டுமே! கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்தைச் சீமான்களின் குளிர்கால இல்லமாக வருணித்து இரயில் நிர்வாகம் சுவரொட்டி அச்சிட்டது. இரயில் ஓடும் நிலத்தில் சிங்கமும் வரிக்குதிரையும் யானையும் திரியும் படம் அது. நைரோபியில் வேட்டைப் பயணங்களை ஏற்பாடு செய்து தருவதற்கென்றே நிறுவனங்கள் முளைத்தன. சஃபாரி என்பது விலைக்குக் கிடைக்கும் பண்டமாயிற்று.

அப்பண்டத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் அமெரிக்க அதிபராக இருந்து பதவி விட்டிறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட். 1909 ஏப்ரலில் மகன் கெர்மிட்டோடு மொம்பாசாவில் இறங்கினார். இரயில் எஞ்சினின் முகப்பில் இருக்கை அமைத்து அமர்ந்து, இருபுறமும் மேய்ந்த விலங்குக் கூட்டங்களைக் கண்டு, பனியுக உலகுக்குள் இரயில் ஓடுவதாக வியந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட சுமைக்காரர்கள், வழியில் படிக்கப் பன்றித்தோலில் கட்டிய ஒரு சிறு நூலகம், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கான அறிவியலாளர்கள் என ஒரு நகரும் ஊர். அடுத்த மார்ச்சில் கார்ட்டூமில் பயணம் முடிந்தபோது தந்தையும் மகனும் சுட்டவை 512. அவற்றில் சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20.

ரூஸ்வெல்ட் விலங்குகளை நேசிக்காதவர் அல்லர். அமெரிக்காவில் காடுகளைக் காத்தவர் என்று புகழ்பெற்றவர். பறவைக் குரல்களை அவர் பதிவு செய்திருக்கும் நுட்பம் இன்றும் வியக்கத்தக்கது. சுமைக்காரர்களைப் பற்றியும் பரிவோடு எழுதுகிறார். ஆனால் அவர் கண்ணில் அவர்கள் பொறுமையும் குழந்தைத்தனமும் கொண்டவர்கள். வரலாறு உடையவர்கள் அல்லர். காட்சி பனியுகத்தைச் சேர்ந்தது என்று முடிவாகிவிட்டால், அதற்குள் நடமாடும் மனிதருக்கு மட்டும் நிகழ்காலம் எங்கிருந்து வரும்?

அந்த 20 காண்டாமிருகங்களில் ஒன்பது, நைலின் மேற்கே லாடோ பகுதியில் சுடப்பட்ட வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள். அவ்வினத்தின் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இறந்தது. இன்று எஞ்சியிருப்பவை நாஜின், ஃபாத்து என்னும் தாயும் மகளும் மட்டுமே. இந்த அழிவுக்கு ரூஸ்வெல்ட் ஒருவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. பிற்காலத்தில் கொம்புக்காக நடந்த கள்ளவேட்டையும் உள்நாட்டுப் போர்களுமே பெருங்காரணங்கள்.

இங்கே கள்ளவேட்டை என்னும் சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ரூஸ்வெல்ட் காலத்தில் வெளியூர் வேட்டைக்காரருக்கான உரிமம் 50 பவுண்டு. அந்நிலத்தில் தலைமுறைகளாக வில்லெடுத்தவருக்கு அது எட்டாத தொகை. சாவோவுக்குக் கிழக்கே வாழ்ந்த வாலியாங்குலு மக்கள் நெடுவில்லும் நஞ்சு தோய்த்த அம்பும் கொண்டு யானை வேட்டையாடியவர்கள். 1948இல் சாவோ தேசியப் பூங்கா ஆயிற்று. ஐம்பதுகளில் பூங்கா அதிகாரிகள் நடத்திய தேடுதல்களில் அந்த வேட்டைக்காரர்கள் பலர் சிறைக்குச் சென்றார்கள். சாவது அதே யானைதான். உரிமம் இருந்தால் விளையாட்டு, இல்லையென்றால் குற்றம்.

இலக்கிய வாசகர்கள் சஃபாரியை அறிந்தது பெரும்பாலும் எர்னெஸ்ட் ஹெமிங்வே, கரென் ப்ளிக்ஸன் ஆகிய இருவர் வழியாக. 1933ஆம் ஆண்டின் இறுதியில் ஹெமிங்வே வந்தார். பாதி வழியில் சீதபேதி கண்டு விமானத்தில் நைரோபிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்த அனுபவமே 1936இல் வெளியான கிளிமஞ்சாரோ சிறுகதையில் சாகக் கிடக்கும் எழுத்தாளனின் காட்சியாக உருமாறியது. 1935இல் வெளியான பயணநூலில் துப்பாக்கி தூக்கும் மகோலா என்னும் முதியவருக்கு உண்மையான ஓர் இடம் இருக்கிறது. அவருடைய மதிப்பைப் பெற ஆசிரியர் ஏங்குகிறார். ஆனால் தடம் பார்ப்பவர்களில் ஒருவர் நாடகத்தனமாக நடக்கிறார் என்பதால் ஆங்கில நடிகரின் பெயரான கேரிக் என்பதைச் சூட்டிவிடுகிறார். அம்மனிதரின் சொந்தப் பெயரை நாம் நூலிலிருந்து அறிய முடிவதில்லை.

ப்ளிக்ஸன் வேறு வகை. அவர் பயணி அல்லர், அங்கே குடியேறிப் பண்ணை நடத்தியவர். 1937இல் வெளியான அவர் நூலில் ஃபாராவும் கமாந்தேவும் பெயரோடும் பிடிவாதங்களோடும் நடமாடுகிறார்கள். 1931இல் பண்ணை நொடித்துக் கைமாறியபோது, அதில் வாழ்ந்த கிக்குயு குடும்பங்கள் சிதறாமல் ஒரே இடத்தில் குடியேற நிலம் கேட்டு அதிகாரிகளிடம் அலைந்தார், பெற்றும் கொடுத்தார். அந்த நிலம் முதலில் யாருடையது என்ற கேள்வியை ஏறத்தாழத் தொட்டுவிட்ட எழுத்து அது. ஆனால் 1985இல் வந்த திரைப்படத்திலிருந்து சுற்றுலா உலகம் எடுத்துக்கொண்டது கூடாரத்தையும் கிராமஃபோனையும் வானூர்தியிலிருந்து தெரிந்த சமவெளியையுமே.

ப்ளிக்ஸனின் நண்பர் டெனிஸ் ஃபின்ச் ஹேட்டன் ஒரு திருப்பத்தைத் தொடங்கிவைத்தவர். மோட்டார் வண்டியில் இருந்தபடியே சிங்கங்களைச் சுட்டுக் குவிப்பதை இதழில் கண்டித்து எழுதினார். 1930இல் வேல்ஸ் இளவரசரை இரண்டாம் முறை அழைத்துச் சென்றபோது துப்பாக்கியைவிடக் கேமராவுக்கே முதலிடம் தந்தார். துப்பாக்கி மெல்லப் பின்வாங்கியது. 1946இல் நைரோபி தேசியப் பூங்கா, 1951இல் செரெங்கெட்டி, 1977இல் கென்யாவில் வேட்டைக்கே தடை. பயணிகளின் அனுபவம் அடியோடு மாறிவிட்டது என்றே தோன்றும். ஆனால் ஒன்று மாறவில்லை. வேட்டைக்காரருக்கு ஆள் நடமாட்டமில்லாத காடு வேண்டியிருந்தது. படமெடுப்பவருக்கு ஆள் விழாத சட்டகம் வேண்டியிருந்தது.

ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மிகாயேலும் வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு விமானத்தில் பறந்து செரெங்கெட்டியின் விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் கழுகொன்று மோதி விமானம் விழுந்தது. 24 வயது மிகாயேல் இறந்தார். கொரொங்கோரோ எரிமலைவாயின் விளிம்பில் அவர் கல்லறை இருக்கிறது. அவர்கள் எடுத்த திரைப்படம் ஆஸ்கார் பெற்றது. செரெங்கெட்டி இன்று உயிரோடிருப்பதில் அந்த உழைப்புக்கும் தியாகத்துக்கும் பங்குண்டு. ஆனால் தேசியப் பூங்காவில் மனிதர் வாழக்கூடாது, அங்கேயே பிறந்தவர்களும்கூட வாழக்கூடாது என்பது கிர்சிமெக்கின் உறுதியான கொள்கை. அதே 1959இல் மசாய் மக்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டு, அருகே கொரொங்கோரோ பகுதியில் குடியமர்த்தப்பட்டார்கள். இனி இங்கே வாழலாம் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட உறுதி.

இன்றைய பயணி பார்ப்பது இந்த வரலாற்றின் விளைவைத்தான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய 'ஐம்பெரும் விலங்கு'களைப் பட்டியலிட்டுத் தேடுகிறார். நடந்து சென்று சுடுவதற்கு ஆபத்தானவை எவை என்று வேட்டைக்காரர்கள் வகுத்த பட்டியல் அது. இன்று தென்னாப்பிரிக்காவின் பணத்தாளிலும் இருக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் மாரா ஆற்றங்கரையில் வண்டிகள் வரிசையாக நிற்க, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமான்கள் புல்லைத் தேடி இடம்பெயரும் காட்சியின் ஒரு பகுதி கண்முன் விரிகிறது. முதலைகள் காத்திருக்கும் நீரில் முதல் விலங்கு குதிக்கும் கணத்தைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை. அந்த வியப்பு பொய்யல்ல. அதைக் காக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. 1989இல் கென்யா 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீயிட்டபோது உலகம் அதன் பக்கம் நின்றது சரியே.

ஆனால் அதே புல்வெளியில், கால்நடைகளோடு காட்டு விலங்குகளையும் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் மசாய் மக்கள். 2022 ஜூனில் செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் காப்பகமாக எல்லையிடத் தான்சானிய அரசு முனைந்தபோது மோதல் வெடித்தது. ஒரு காவலர் இறந்தார்; மசாய்கள் பலர் காயமுற்றனர், பலர் எல்லை கடந்து கென்யாவுக்கு ஓடினர். 1959இல் உறுதி தரப்பட்ட கொரொங்கோரோவிலிருந்தும் குடும்பங்களைத் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்கு இடம்பெயர்க்கும் திட்டம் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகையும் கால்நடையும் பெருகிவிட்டன என்பது அரசின் வாதம். பயணியர் விடுதிகள் இருக்கலாம், எங்கள் குடில்கள் கூடாதா என்பது அவர்களின் கேள்வி.

வேறு வழி இல்லாமலில்லை. எல்லைக்கு அப்பால் கென்யாவின் மாராவில், 2000களின் நடுவிலிருந்து மசாய் நில உடைமையாளர்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துக் காப்பகங்களாக்கிக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைப் பணம் மாதந்தோறும் அவர்களுக்குச் செல்கிறது. குறையில்லாத ஏற்பாடு அல்ல. மேய்ச்சல் எல்லை குறித்த சச்சரவுகள் அங்கும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பயணிகள் நின்றதும் வருமானம் ஆட்டம் கண்டது. எனினும் அந்நிலத்தில் வண்டியோட்டி, தடம் காட்டி, சிங்கத்தின் பழக்கத்தை விளக்குகிறவர் பல நேரங்களில் அந்நிலத்துக்கே பங்குதாரர்.

சஃபாரி நூல்களை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றில் சில உயர்ந்த உரைநடை. 'நாங்கள் முகாமிட்டோம்' என்ற வரி வரும்போது கூடாரத்தை அடித்தவர் யார், 'சிங்கம் தென்பட்டது' என்ற வரி வரும்போது முதலில் கண்டவர் யார் என்று கேட்டுக்கொண்டு படித்தால் போதும். பாம்பே எழுதாமல் போன நூலின் சில பக்கங்களாவது அப்போது நமக்குக் கிடைக்கும்.