கரிசல் வட்டாரமும் நீதிமன்ற மின் தாக்கலும்

நீதிமன்ற மின் தாக்கல் என்பது வழக்குரை, எதிர்வழக்குரை, மனு, பிரமாண வாக்குமூலம், சான்றாவணம் ஆகியவற்றை இணையதளம் வழியாக நீதிமன்றத்தில் சேர்ப்பிக்கும் முறையாகும். உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய இம்முறை, அண்மை ஆண்டுகளில் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி போன்ற ஊர்களின் கீழமை நீதிமன்றங்கள் வரை வந்துள்ளது. தாக்கல் செய்த நாள் எது என்பதைப் பொறுத்தே ஒரு வழக்கு நிலைக்கும் அல்லது காலங்கடந்தது எனத் தள்ளுபடியாகும். ஆகவே, தாக்கல் விதிகளின் வரலாறு வழக்காடுவோரின் உரிமைகளோடு நெருங்கிய தொடர்புடையது.

தாள் காலம்

மாவட்ட முன்சீப் நீதிமன்றங்களின் அமைப்பையும் அதிகாரத்தையும் 1873 ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம் வரையறுத்தது. வழக்குரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வகுத்தது. அச்சட்டம் 1909 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் வழக்கில் வழக்குரைக்குப் 'பிராது' என்று பெயர். வக்கீல் குமாஸ்தா பிராதையும் வக்காலத்தையும் கட்டண வில்லை ஒட்டி நீதிமன்ற அலுவலகத்தில் கொடுப்பார். அலுவலர் சரிபார்த்து முத்திரை இடுவார். குறை இருந்தால் திருப்பித் தருவார்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து ஆகியவை மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் வாங்கிய கடனுக்கு எழுதிய புரோநோட்டும், பாகம் பிரிக்காத பூர்வீகப் புஞ்சையும், வரப்பும் பாதையும் இத்தகைய ஊர்களில் வழக்குகளாக மாறுவது இயல்பு. 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி புரோநோட்டுக் கடனுக்கு 3 ஆண்டுகளுக்குள்ளும், உரிமை மூலத்தின் அடிப்படையில் நிலத்தின் அனுபவத்தைக் கோருவதற்கு 12 ஆண்டுகளுக்குள்ளும் வழக்கிட வேண்டும். கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று அச்சட்டத்தின் 4 ஆவது பிரிவு கூறுகிறது.

தொலைவும் மொழியும்

1986 இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டுத் தூத்துக்குடி மாவட்டம் உருவானபோது கோவில்பட்டி புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. உயர் நீதிமன்றத்தை நாட வேண்டுமெனில் 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2004 சூலை 24 அன்று மதுரைக் கிளை தொடங்கப்பட்டதும் அத்தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டராகக் குறைந்தது. இதற்கு முன்பே, 1976 இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த வழி செய்திருந்தது. கிளை தொலைவைக் குறைத்தது. திருத்தம் மொழித் தடையைக் குறைத்தது. மின் தாக்கலும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது.

கணினிமயம்

2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு அளித்தது. 2004 இறுதியில் நீதித்துறைக் கணினிமயத்துக்கான இ-குழு அமைக்கப்பட்டது. 2006 அக்டோபர் 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் மின் தாக்கல் தொடங்கியது. இ-நீதிமன்றங்கள் திட்டத்தின் முதல் கட்டம் 2007 இலும் இரண்டாம் கட்டம் 2015 இலும் தொடங்கின. ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் வழங்கப்பட்டது. இதனால் வாய்தா தேதியைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிந்தது. மூன்றாம் கட்டத்துக்கு 2023 இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

2020 இன் இரு பாடங்கள்

கொரோனா பெருந்தொற்றால் நீதிமன்றக் கதவுகள் மூடப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து காலவரம்பை நீட்டித்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் கணக்கில் கொள்ளப்படவில்லை. நேரில் செல்லாமல் தாக்கல் செய்யும் முறையின் தேவையை நாடு முழுவதும் உணர்த்திய காலம் இது.

அதே ஆண்டு சூன் மாதத்தில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பின் உயிரிழந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தானாக முன்வந்து விசாரித்தது. காவல் நிலையத்துக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அளித்த அறிக்கை, கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. பதிவுகளைச் சேமிக்க வட்டில் போதிய இடம் இருந்தும் காட்சிகள் மிஞ்சவில்லை. மின்னணுப் பதிவு தானாகவே நிலைத்திருப்பதில்லை. அதைப் பேணும் விதியும் பொறுப்பும் இருந்தால்தான் அது சான்றாகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

விதிகளின் உள்ளடக்கம்

மின் தாக்கல் விதிகள் பல உயர் நீதிமன்றங்களில் ஏறக்குறைய ஒரே அமைப்பில் உள்ளன. வழக்கறிஞரோ வழக்காடுபவரோ முதலில் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மனுவைத் தேடத்தக்க பி.டி.எஃப். கோப்பாக ஏற்றி, மின்னணுக் கையொப்பம் இட வேண்டும். கட்டணத்தை இணையத்தில் செலுத்தலாம். மூல ஆவணத்தைத் தாக்கல் செய்தவரே பாதுகாத்து, நீதிமன்றம் கேட்கும்போது காட்ட வேண்டும்.

காலவரம்பு குறித்த பகுதியே இவற்றில் முதன்மையானது. அலுவலக நேரம் முடிந்த பிறகும் நள்ளிரவு வரை தாக்கல் செய்ய முடிவது பெரும் வசதி. அதேவேளை, தளம் செயலிழந்தது என்ற காரணத்துக்காகக் காலவரம்பிலிருந்து விலக்கு இல்லை எனத் தில்லி உயர் நீதிமன்றத்தின் 2021 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இணையம் வேலை செய்யாதபோது உதவி முகப்பையோ தாள் வழியையோ நாட வேண்டும். கடைசி நாள் மாலையில் மின்வெட்டு ஏற்படும் ஒரு கரிசல் கிராமத்தில் இவ்விதியின் பொருள் மிகக் கடுமையானது.

எதிர்ப்பும் தீர்வும்

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் 2023 இல் மின் தாக்கலைக் கட்டாயமாக்க முனைந்தபோது வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஸ்கேனர், கணினி, வேகமான இணையம் ஆகியவை சிற்றூர் வழக்கறிஞர் பலரிடம் இல்லை என்பதும், பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படமெடுப்பது கடினம் என்பதும், தாள் படியையும் சேர்த்துக் கேட்டால் வேலை இரட்டிப்பாகும் என்பதும் இத்தகைய மாற்றத்தின்போது எழும் முதன்மைக் குறைகள். நீதிமன்ற வளாகங்களில் அமைக்கப்படும் இ-சேவை மையங்கள் இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்யும் நோக்குடையவை.

பிற நாடுகளும் இதே கட்டத்தைக் கடந்துள்ளன. அமெரிக்காவில் 1996 இல் வட ஓகையோ கூட்டாட்சி நீதிமன்றம் ஏராளமான கல்நார் வழக்குகளைக் கையாள மின் தாக்கலைத் தொடங்கியது. சிங்கப்பூர் 1997 இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2000 இல் அதைக் கட்டாயமாக்கியது. அந்நாடு கட்டாயத்தோடு பொதுச் சேவை முகப்புகளையும் நிறுவியதால், கணினி இல்லாதவரும் தாக்கல் செய்ய முடிந்தது. கோவில்பட்டி போன்ற வட்டாரங்களில் மின் தாக்கல் யாருக்குப் பயன்படும் என்பதையும் இத்தகைய முகப்புகளின் தரமே தீர்மானிக்கும்.