சாவியும் துணையும்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே, பின்னலாடை ஆலைகள் சூழ விளங்குவது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பொருளைச் சுந்தரர் இங்கே பறிகொடுத்து, பதிகம் பாடி மீளப் பெற்றார் என்பது புராணம். மனம் நொந்தவர்களை உற்றார் அழைத்து வந்து, தீர்த்தமாடச் செய்து, உடன் தங்கி வழிபடுவதும் இத்தலத்தின் நெடுநாள் வழக்கம். அக்கோயிலில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றிற்று: இங்கே நோயாளிக்குத் துணை உண்டு, காவல் இல்லை.

காவல் பின்னர் வந்தது. சென்னையில் 1794-இல் வாலன்டைன் கனோலி என்ற மருத்துவர் மனநோயாளருக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் காப்பகம் திறக்கப்பட்டது. உற்றார் இருந்த இடத்தில் காவலர் நின்றார். அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிற்று. அதுவே அவருடைய பதவி. அதுவே அவருடைய பெருமை.

1922-இல் காப்பகம் 'மனநோய் மருத்துவமனை' ஆயிற்று. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். மனிதர் மனத்தை அவ்வாறு மாற்ற இயலுமா?

1961-இல் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், குடும்பத்தாரையும் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சியும் அளித்தார். 1996-இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமோ, மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோரை ஒரே குழுவாக்கி ஊர்ப்புறத்துக்கு அனுப்பிற்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை நோயாளிக்கே வழங்கிற்று.

நேயர்களே, இம்மாற்றங்கள் யாவும் நன்மைக்கே. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஊழியர் ஒருவர், "இனி நான் யார்?" என்று தமக்குள் கேட்டிருப்பார். சாவியை இழந்த காவலரும் கேட்டிருப்பார்; தம் சொல்லே முடிவு என்றிருந்த மருத்துவரும் கேட்டிருப்பார். அக்கேள்வியை எதிர்ப்பென்று தள்ளுவது தவறு என்பேன். பல்லாண்டுகள் வார்டில் இரவு விழித்தவருக்கு, ஒருவர் நடக்கும் நடையிலேயே அவருக்கு நோய் மிகுவது தெரியும். அந்த அறிவுக்குப் புதிய அமைப்பில் இடமளித்தால், அவர் மனமுவந்து சாவியைக் கீழே வைப்பார். இடமளிக்காவிடில், அதனை இன்னும் இறுகப் பற்றுவார். அப்போது வருந்துபவர் நோயாளியே.

பூண்டியில் சுந்தரர் இழந்தது பொருளை, பாட்டை அன்று. மாற்றத்தில் ஊழியர் இழப்பதும் அதிகாரத்தை மட்டுமே; அனுபவத்தை அன்று. அதனை அவருக்கு உணர்த்துவதே சீர்திருத்துவோரின் முதற்கடமை.