இணையத் தமிழ்ச் செய்திகளில் உடல் மாற்றுத்திறனாளிகள்: சொல்மாற்றமும் சித்திரிப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் செய்தி ஊடகம் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை ஏற்று ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. எனினும் சொல் மாறிய அளவிற்குச் செய்தியின் பார்வை மாறவில்லை. பெயரிடலின் வரலாறு, சட்டப் பின்புலம், இணையச் செய்தியின் கதையமைப்பு, தலைப்புத் தொடர்களின் இலக்கணம், வாசிப்பு அணுகல் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை அந்த இடைவெளியை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளி, இணைய இதழியல், சித்திரிப்பு, சிறப்பும்மை, அணுகல் உரிமை

முன்னுரை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இது மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் அவர்களின் எண்ணிக்கை 11.79 லட்சம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உடல்சார் குறைபாடு என்னும் தலைப்பின்கீழ் இயக்கம், பார்வை, செவிப்புலன், பேச்சு ஆகியவை சார்ந்த குறைபாடுகளை அடக்குகிறது. இக்கட்டுரையும் அவ்வரையறையையே கைக்கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளோடு நேரடிப் பழக்கம் இல்லாத வாசகருக்கு அவர்களைப் பற்றிய அறிவு பெரிதும் செய்தியின் வழியே வந்து சேர்கிறது. ஆதலால் செய்தி தரும் சித்திரம், வேலை வழங்குவோரின் முடிவிலும் பள்ளிச் சேர்க்கையிலும் பேருந்துப் படிக்கட்டின் வடிவமைப்பிலும் எதிரொலிக்கும் தன்மையது.

பெயரிடலின் வரலாறு

உடற்குறையை வகைப்படுத்திப் பெயரிடும் மரபு தமிழில் தொன்மையானது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், பார்வையின்மை, கூன், குறள், பேச்சின்மை, செவிட்டுத்தன்மை உள்ளிட்ட எட்டு வகைகளை 'எச்சம்' என்று தொகுத்துப் பயனற்ற பிறப்புகளாகச் சுட்டுகிறது. 'எச்சம்' என்பது இங்குக் குறையைக் குறிக்கும். இருபதாம் நூற்றாண்டில் ஆட்சிவழக்காக நிலைபெற்ற 'ஊனமுற்றோர்' என்பதும் 'குறையை அடைந்தோர்' என்றே பொருள்படும். இரண்டிற்கும் இடையே நீண்ட காலம் கழிந்திருப்பினும் மனிதரை இல்லாத ஒன்றால் அடையாளப்படுத்தும் முறை தொடர்ந்தது.

2010இல் தமிழ்நாடு அரசு தனித்துறை ஒன்றை அமைத்து, அதற்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை எனப் பெயரிட்டபோது இம்மரபு முறிந்தது. அச்சிதழ்களும் இணையச் செய்தித் தளங்களும் இச்சொல்லை விரைந்து ஏற்றன. ஆயினும் அச்சொல்லும் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஒரு திறன் குறைந்தால் அதற்கு ஈடாக வேறொரு திறன் இருந்தாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அது மறைமுகமாகச் சுமத்துகிறது. 2015 டிசம்பரில் பிரதமர் முன்வைத்த 'திவ்யாங்' (தெய்வீக உறுப்புடையோர்) என்னும் சொல்லை மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தினர் பலர் எதிர்த்ததும் இத்தகைய காரணத்தினாலேயே. உரிமையைக் கேட்போருக்குத் தெய்வத்தன்மை விடையாகாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

சட்டமும் ஊடகக் கடமையும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. இவ்விரண்டிற்கும் இடையே 2006இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்தது. அதன் 8ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகளை உடன்படிக்கையின் நோக்கத்திற்கு இசைவாகச் சித்திரிக்குமாறு அனைத்து ஊடகங்களையும் ஊக்குவிக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. எனவே சித்திரிப்பு என்பது இதழாளரின் நல்லெண்ணம் சார்ந்ததாக மட்டும் நில்லாமல் உரிமைச் சட்டத்தின் எல்லைக்குள்ளும் வருகிறது.

செய்தியின் சட்டகங்கள்

அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளாக்ஸ்டன் 1990இல் செய்தித்தாள்களை ஆராய்ந்து, சித்திரிப்பை மரபுவழிச் சட்டகங்கள், முற்போக்குச் சட்டகங்கள் என இரு பெரும்பிரிவாக்கினார். உடலை நோயாகக் காணும் மருத்துவச் சட்டகம், உதவிக்குக் கையேந்துபவராகக் காணும் சமூக நோய்ச் சட்டகம், வியப்புக்குரிய அதிமனிதராகக் காணும் சட்டகம் ஆகியவை முதற்பிரிவின. குடிமை உரிமைச் சட்டகமும் பன்மைப் பண்பாட்டுச் சட்டகமும் இரண்டாம் பிரிவின. பெத் ஹாலர் பின்னர் இவ்வகைப்பாட்டை விரிவாக்கினார். ஆஸ்திரேலிய இதழாளர் ஸ்டெல்லா யங், பிறர் ஊக்கம் பெறுவதற்காக மாற்றுத்திறனாளியைக் காட்சிப்பொருளாக்கும் போக்கை 2014இல் ஆற்றிய உரையில் கடுமையாகச் சாடினார்.

இணையச் செய்தியில் மேலோங்கி நிற்பவை இரக்கமும் வியப்புமே. சொடுக்குகளையும் பகிர்வுகளையும் நம்பி இயங்கும் ஊடகத்திற்கு, கண்ணீரையோ கைதட்டலையோ உடனே எழுப்பும் கதை பயனுடையது. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு அளிப்பவர் இரக்கத்தின் படிமமாகிறார். தேர்வில் வெல்பவர் வியப்பின் படிமமாகிறார். இவ்விரண்டிற்கும் இடையே வரி செலுத்தி, வாக்களித்து, வாடகைக்கு வீடு தேடி, அன்றாடம் வேலைக்குச் செல்லும் பெரும்பான்மையினர் செய்தியாவதில்லை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு பற்றிய செய்திகள் இதனை விளக்கும். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி அவர் தங்கம் வென்றபோது, ஐந்து வயதில் பேருந்து மோதியதும், காய்கறி விற்ற தாயின் உழைப்பும், தமிழ்நாடு அரசு அறிவித்த 2 கோடி ரூபாய்ப் பரிசும் கதையின் முதன்மைக் கூறுகளாயின. அவை உண்மைகளே. ஆனால் போட்டிப் பிரிவு எவ்வாறு வரையறுக்கப்படுகிறது, தாண்டும் நுட்பம் யாது, பயிற்சி எத்தகையது என்பன போன்ற, எந்த விளையாட்டு வீரரைப் பற்றியும் எழக்கூடிய வினாக்கள் பின்தள்ளப்பட்டன. டோக்கியோவில் வெள்ளியும் 2024 பாரிஸில் வெண்கலமும் வென்று தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் பெற்ற அவருடைய நெடிய விளையாட்டு வாழ்வுக்கு, விபத்தைத் தொடக்கமாகவும் பரிசை முடிவாகவும் கொண்ட கதை போதுமானதன்று.

தலைப்பின் இலக்கணம்

தமிழ்ச் செய்தித் தலைப்புகளில் இச்சட்டகம் சிறு இடைச்சொல் ஒன்றிலும் குடிகொள்கிறது. இலக்கணிகள் உம்மைக்குரிய எட்டுப் பொருள்களுள் சிறப்பையும் ஒன்றாகக் கொண்டனர். உரையாசிரியர்கள் அதனை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு எனப் பிரித்தனர். 'பார்வையற்றவரும் வென்றார்', 'கால்கள் செயலிழந்த நிலையிலும் பட்டம் பெற்றார்' என்னும் அமைப்புடைய தலைப்புகளில் வரும் உம்மை இழிவு சிறப்பின் சாயலுடையது. இவரால் இயலாது என்பது எல்லோரும் ஏற்ற செய்தியாக முன்கொள்ளப்பட்ட பின்னரே அவ்வும்மை பொருள் தருகிறது. 'பார்வையற்றவர்' என்ற இடத்தில் 'பார்வை மாற்றுத்திறனாளி' என மாற்றினாலும் உம்மை நீங்காதவரை இழிவு நீங்குவதில்லை. 'சக்கர நாற்காலியில் முடங்கிய' என்னும் வழக்கும் இத்தகையதே. சக்கர நாற்காலி இயக்கத்தைத் தரும் கருவி. முடக்குவது சாய்தளமற்ற கட்டடம். கட்டடத்தின் குறையை உடலின் குறையாக இத்தொடர் இடம்மாற்றிவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் வழங்கிய தீர்ப்பு இதனோடு ஒத்துப்போகிறது. குறைபாட்டைத் தனிமனிதத் துயராகக் காட்டிச் சமூகத் தடைகளை மறைக்கும் மொழியை அது கண்டித்தது. அவ்வழக்கு திரைப்படம் பற்றியதாயினும் அதன் கோட்பாடு செய்திமொழிக்கும் பொருந்தும்.

வாசகராக மாற்றுத்திறனாளி

மாற்றுத்திறனாளி செய்திப் பொருள் மட்டுமல்லர். செய்தி வாசகரும் ஆவார். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் தத்தமக்குரிய எழுத்துருக்களைப் பயன்படுத்தின. திரைவாசிப்பான்களால் அவற்றைத் தமிழாக ஒலிக்க இயலவில்லை. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதும் தளங்கள் அதற்கு மாறியதும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குக் கதவைத் திறந்தன. ஆயினும் மாற்று உரை இல்லாத படங்களும், செய்தியையே படமாக்கி வெளியிடும் அட்டைகளும், வசனவரி இல்லாத காணொலிகளும் அக்கதவை மீண்டும் சாத்துகின்றன. தம்மைப் பற்றிய செய்தியையே வாசிக்க இயலாதவர் அதன் பிழையைச் சுட்டவும் இயலாது.

முடிவுரை

ஊடகம் செய்ய வேண்டியது மற்றொரு புதிய சொல்லைத் தேடுவதன்று. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்கள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்டன. இனி அவர்கள் ஊராட்சி மன்றத்தில் வரவுசெலவு பற்றியும் குடிநீர் பற்றியும் பேசுவர். அப்பேச்சை உறுப்பினர் ஒருவரின் கருத்தாக வெளியிடுவதா, 'மாற்றுத்திறனாளியும் பேசினார்' என வெளியிடுவதா என்பதில் சொல்மாற்றத்தின் உண்மைப் பயன் தெரியவரும். குறைபாடு செய்திக்குத் தொடர்புடையதாயின் அதனைத் துல்லியமாகக் குறிப்பதும், தொடர்பற்றதாயின் விடுப்பதும், தடையைப் பற்றி எழுதுகையில் அதற்குப் பொறுப்பான அமைப்பிடம் விளக்கம் கேட்பதும், செய்தி அறையில் மாற்றுத்திறனாளி இதழாளர்களுக்கு இடமளிப்பதும் இம்மாற்றத்திற்கான வழிகளாம்.