பள்ளி விட்ட பிறகும் பள்ளிதானா? மூன்று அமெரிக்க மாநிலங்கள், மூன்று தீர்ப்புகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்திருந்தபோது என் மாமனார் ஒரு மாலை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். காரைக்குடிப் பக்கம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "மூணு மணிக்கெல்லாம் விட்டுருவாகன்னு சொன்னீகளே மாப்ளே, அஞ்சரை ஆகப்போகுது, பிள்ளையைக் காணோமே?" என்றார். மகளுக்கு ஓட்டப் பயிற்சி இருக்கிறது, முடித்துவிட்டு, தாமதமாகக் கிளம்பும் பள்ளிப் பேருந்தான லேட் பஸ்ஸில் வருவாள் என்றேன். அவர் அத்தோடு விடவில்லை. "அது பள்ளிக்கூடத்துல சேர்ந்ததா, தனியா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் பார்த்தபோது, 1984க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஆறே ஆண்டுகளில் காலிஃபோர்னியா, டெக்ஸஸ், நியூ ஜெர்சி ஆகிய மூன்று மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைத் தொட்டு மூன்று விதமாகப் பேசியிருப்பது தெரிந்தது. தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாகக் குடியேறியிருக்கும் மாநிலங்களில் இவை மூன்றும் உண்டு. நம் பிள்ளைகள் வயலினைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாலை நேரம் அந்தத் தீர்ப்புகளின் நிழலில்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. 'பாடம் சாராச் செயல்பாடு' என்கிறோம். 'கல்வி இணைச் செயல்பாடு' என்றும் சொல்கிறோம். சாராததா, இணையா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்ட பி.டி. பீரியட்களில் வளர்ந்த நமக்கு முதல் சொல்தான் பழக்கம். அமெரிக்காவில் இரண்டாம் சொல்லுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு, விவாதக் கழகம், மாணவர் இதழ் எல்லாமே பெரும்பாலும் மாணவர்களே நடத்தியவை. பள்ளியில் படிக்காதவர்களைக் கூலிக்குப் பிடித்து அணியில் சேர்ப்பது, பந்தயக் காசு, அடிதடி என்று ஃபுட்பால் கெட்டுப்போனபோது ஆசிரியர்கள் உள்ளே வந்தார்கள். (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.) மாநிலந்தோறும் பள்ளிகளின் சங்கங்கள் எழுந்தன: காலிஃபோர்னியாவில் 1914இல், நியூ ஜெர்சியில் 1918இல். டெக்ஸஸ் வேறு வாசல் வழியாக நுழைந்தது. அங்கே 1910இல் மாநிலப் பல்கலைக்கழகம் தொடங்கியது விவாதப் போட்டிக்கான சங்கம். விளையாட்டு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. யுஐஎல் என்று டெக்ஸஸ் வீடுகளில் இன்று தினமும் அடிபடும் பெயர் அந்தச் சங்கத்துடையதுதான். ஃபுட்பாலுக்குப் பேர்போன மாநிலத்தில் எல்லாம் பேச்சுப் போட்டியில் தொடங்கியது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அந்தப் பேச்சுப் போட்டி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கறுப்பின மாணவர்களின் பள்ளிகளுக்குத் தனிச் சங்கம்தான். அது 1970இல்தான் முற்றாகக் கலைந்தது.

1918இல் தேசியக் கல்விச் சங்கத்தின் குழு ஒன்று உயர்நிலைக் கல்வியின் ஏழு குறிக்கோள்களை வகுத்தது. உடல்நலம், குடிமைப் பண்பு, ஓய்வுநேரத்தை நல்லபடி கழிப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். காலம் அப்படி. 1910இல் இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. 1940இல் பாதிப் பேர் முடித்தார்கள். குடியேறியவர் மகனும் விவசாயி மகளும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, லத்தீனும் இயற்கணிதமும் மட்டும் அவர்களை ஒன்றாகக் கட்டிவிடாது என்று கல்வியாளர்கள் நினைத்தார்கள். கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் இதைத் தனிப் பாடமாகவே நடத்திய எல்பர்ட் ஃப்ரெட்வெல், இத்தகைய செயல்பாடுகள் பாடத்திலிருந்து முளைத்துப் பாடத்துக்கே திரும்பி அதை வளப்படுத்த வேண்டும் என்றார். 'இணை' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை.

போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகின; பள்ளிகளும் பெருத்தன. அப்போது வந்த இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. 1961இல் ஜேம்ஸ் கோல்மன், இல்லினாய் மாநிலத்துப் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து, மாணவர் நடுவில் மதிப்பு படிப்பாளிக்கல்ல, விளையாட்டு வீரனுக்கே என்று காட்டினார். 1964இல் ரோஜர் பார்க்கரும் பால் கம்பும் கான்ஸஸ் மாநிலத்தில் வேறொன்றைக் கணக்கெடுத்தார்கள். பெரிய பள்ளியில் செயல்பாடுகளின் வகை அதிகம். ஆனால் ஒரு மாணவர் பொறுப்பேற்றுச் செய்யும் வாய்ப்பு சிறிய பள்ளியில்தான் கூடுதல். நாடகத்துக்கு ஆள் போதாத பள்ளியில் கூச்சப்படும் பிள்ளையையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். 3,000 பேர் இருக்கும் பள்ளியில் அவனைக் கூப்பிட யாருக்கும் தேவை இல்லை. பெண் பிள்ளைகளை விளையாட்டுக்கு அதுவரை பெரும்பாலும் யாரும் கூப்பிடவில்லை. 1971–72இல் நாடு முழுவதும் பள்ளி விளையாட்டில் இருந்த சிறுமிகள் 2,94,015 பேர். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் தலைப்பு என்னும் சட்டம் 1972இல் வந்தது; 2018–19இல் அந்த எண்ணிக்கை 34 லட்சத்தைத் தாண்டியது.

இனி வழக்குகள். 1978இல் காலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டது. பள்ளிகளின் வருவாய் சுருங்கியது. கத்தி முதலில் விழுந்தது மாலை நேரத்தின் மீது. 1980இல் சான்டா பார்பரா உயர்நிலைப் பள்ளி மாவட்டம், நாடகம், இசை, விளையாட்டு எதில் சேர்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் என்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. மதிப்பெண் கிடையாது, கட்டாயமும் இல்லை, ஆகவே இது கல்வியில் சேராது என்பது மாவட்டத்தின் வாதம்.

ஹார்ட்செல் எதிர் கானல் என்ற அந்த வழக்கில் 1984 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட். மாநில அரசியல் சட்டம் உறுதியளிக்கும் இலவசப் பள்ளிக்குள் இவையும் பிரிக்க முடியாதபடி அடங்கும், கட்டணம் செல்லாது. விலக்கு அளிக்கிறோமே என்ற சமாதானத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லாருக்கும் உரியதை ஏழைக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்தால் அது உரிமை ஆகாது என்பது அதன் சாரம். மதிய உணவுத் தட்டோடு வரிசையில் நின்றபோது 'இலவசம்' என்ற சொல் உடம்பில் எங்கே குத்தும் என்று தெரிந்த தலைமுறைக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை. பள்ளிகள் கட்டணத்துக்கு நன்கொடை என்று பெயர் மாற்றின. பல இடங்களில் கட்டணமே சத்தமில்லாமல் திரும்பி வந்தது. 2010இல் அமெரிக்கக் குடிமை உரிமைச் சங்கம் புதிதாக வழக்குத் தொடுத்தது; 2012இல் சட்டமன்றம் ஏபி 1575 என்ற சட்டத்தை இயற்றி, சட்டவிரோதக் கட்டணம் மீது பெற்றோர் புகார் செய்ய வழி வகுத்தது. இன்று குப்பர்டினோவிலோ ஃப்ரீமான்டிலோ ஒரு தாய்க்கு வரும் கடிதத்தைப் பாருங்கள். பரிந்துரைக்கும் நன்கொடை இவ்வளவு டாலர் என்று ஒரு வரி. கொடுக்காவிட்டாலும் உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு என்று அடுத்த வரி. அந்த இரண்டாம் வரிதான் ஹார்ட்செல் தீர்ப்பு. குப்பர்டினோவின் மான்டா விஸ்டா உயர்நிலைப் பள்ளியின் 115ஆம் எண் ரோபாட்டிக்ஸ் அணி போன்றவை போட்டிப் பதிவு, உதிரிபாகம், பயணம் என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் திரட்ட வேண்டும். பெற்றோர் பொறியாளர்களாகவும், நிறுவனங்கள் பக்கத்துத் தெருவிலும் இருக்கும் ஊரில் அது திரண்டுவிடுகிறது. இல்லாத ஊரில் உரிமை மட்டும் மிஞ்சுகிறது. தீர்ப்பு எட்டாத இடம் அது.

டெக்ஸஸில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பள்ளிச் சீர்திருத்தத்துக்காக ஆளுநர் மார்க் வைட் அமைத்த குழுவுக்குத் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைவர். பள்ளிகள் விளையாட்டுக்காக வாழ்கின்றன, படிப்பு இரண்டாம்பட்சமாகிவிட்டது என்று அவர் மாநிலமெங்கும் பேசினார். 1984 கோடையில் நிறைவேறிய 72ஆம் மசோதாவில் 'நோ பாஸ், நோ ப்ளே' விதி இருந்தது. எந்தப் பாடத்திலும் 70க்குக் கீழே போனால் அடுத்த ஆறு வாரம் எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது. ஃபுட்பால் மட்டுமல்ல, பேண்டு வாத்தியம், விவாதம், கால்நடைக் கண்காட்சி எல்லாவற்றுக்கும் இதே விதி. பயிற்சியாளர்கள் கொதித்தார்கள்.

ஹூஸ்டன் பக்கத்து ஸ்பிரிங் பிராஞ்ச் பள்ளி மாவட்டத்திலிருந்து எழுந்த வழக்கில், 1985இல் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. இத்தகைய செயல்பாடுகளில் பங்கேற்பது அடிப்படை உரிமை அல்ல. கல்வியின் தரத்தை உயர்த்த அரசு அதை நிபந்தனையாக்கலாம். ஹார்ட்செல் வந்து பதினைந்து மாதம்கூட முடிந்திராத நேரம். அங்கே இணை, இங்கே சாராதது. 1986 தேர்தலில் வைட் தோற்றார். அதற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும் பயிற்சியாளர்களின் கோபமும் ஒன்று என்று பரவலாகச் சொல்லப்பட்டது. ஆறு வாரம் பின்னாளில் மூன்றாகக் குறைந்தது. விதி இன்றும் இருக்கிறது.

உரிமை இல்லை என்று சொன்ன இந்த மாநிலம்தான் மாலை நேரத்துக்கு அள்ளிக் கொடுக்கிறது. டாலஸின் வடக்கே ஆலன் நகரம், ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளிக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 இருக்கைகளுடன் அரங்கம் கட்டி 2012இல் திறந்தது. கான்கிரீட்டில் வெடிப்பு கண்டு 2014இல் மூடி, சரிசெய்து 2015இல் மறுபடி திறந்தார்கள். செலவுக்கு ஒப்புதல் அளித்தவர்கள் அந்த ஊர் வாக்காளர்கள். ஊரே கூடும் இடம் அது என்பது அவர்கள் கணக்கு; வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பக்கம் போனவர்களுக்கு அது பொய்யில்லை என்று தெரியும். ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்த மரபில் வந்த நமக்கும் அது புரியாத மனநிலை அல்ல.

ஆனால் ஆலனுக்கு அடுத்த வீடான ஃபிரிஸ்கோ எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் வேகமாகக் கூடிய ஊர் இது. ஒரே பெரும் பள்ளியாக விரிக்காமல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 மாணவர்களுக்கான பள்ளிகளாகக் கட்டிக்கொண்டே போனார்கள். 2022இல் பன்னிரண்டாவது பள்ளி திறந்தது. பன்னிரண்டு பள்ளி என்றால் பன்னிரண்டு பேண்டு, பன்னிரண்டு விவாத அணி, பன்னிரண்டு நாடக மேடை. கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதையே காரணமாகச் சொன்னார்கள். அரங்கத்தைப் பள்ளிக்கொன்றாகக் கட்டவில்லை. டாலஸ் கௌபாய்ஸ் என்னும் தொழில்முறை ஃபுட்பால் அணியோடு 12,000 இருக்கை அரங்கம் ஒன்றை 2016 முதல் பகிர்ந்துகொள்கிறார்கள். பார்க்கரும் கம்பும் கான்ஸஸில் கண்டதை டெக்ஸஸ் புறநகரம் ஒன்று செங்கல்லில் எழுதிய மாதிரி இருக்கிறது.

நியூ ஜெர்சியின் கேள்வி பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையில் எழவில்லை, ஊருக்கும் ஊருக்கும் இடையில் எழுந்தது. 1990 ஜூனில் வந்த அபட் எதிர் பர்க் தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட் வைலன்ட்ஸ், முழுமையான, திறமான கல்வி என்ற மாநில அரசியல் சட்ட வாக்குறுதி ஏழை நகரங்களில் நிறைவேறவில்லை என்று கண்டார். பாடப் புத்தகம், ஆய்வகத்தோடு விளையாட்டையும் எடைபோட்டார். வசதியான புறநகர்களில் நீச்சல், டென்னிஸ், கோல்ஃப், லக்ராஸ். ஈஸ்ட் ஆரஞ்சு உயர்நிலைப் பள்ளியிலோ ஓட்ட அணி பயிற்சி செய்தது இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில். தீர்ப்பில் அது ஒரே ஒரு வரிதான். வகுப்புக் கதவுகளுக்கு நடுவே, திருப்பத்தில் சுவரைக் கையால் தடுத்து வேகத்தைக் குறைத்து ஓடும் பிள்ளைகளை அந்த வரி எனக்கு விடாமல் காட்டுகிறது. இதைக் கல்வியின் குறைபாடாக எண்ணியதாலேயே அந்த நீதிமன்றம், தனியாகச் சொல்லாமலே, இணை என்ற பக்கம் நின்றுவிட்டது.

புறநகரில் பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. பிரின்ஸ்டனை ஒட்டிய வெஸ்ட் வின்ட்சர்–பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தில் ஆசிய மாணவர்கள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியிருந்த 2015இல், கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பிள்ளைகளின் மன அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியின் அரையாண்டு, ஆண்டிறுதித் தேர்வுகள் எடுக்கப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. இசையில் 'கீச்சிடும் உரிமை' என்று ஒன்று வந்தது. வயலினைக் கையில் எடுத்த முதல் மாதங்களில் வரும் அந்தக் கீச்சொலியோடே எந்தப் பிள்ளையும் இசைக் குழுவில் சேரலாம்.

ஆசியப் பெற்றோர் பலர் இதை எதிர்த்தார்கள். நம்மவர்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. கல்லூரி விண்ணப்பமான காமன் ஆப், செயல்பாடுகளுக்கென்று பத்து வரிசைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விளக்கச் சொல்கிறது. மகிழ்ச்சிக்குச் செய்வது எது, வரிசை நிரப்பச் செய்வது எது என்று பிள்ளைக்கே தெரியாமல் போகும் ஏற்பாடு அது. ஆனாலும் கீச்சிடும் உரிமையை எதிர்த்தது நம் பிழை என்றே நினைக்கிறேன். பத்து வயதில் நன்றாக வாசிக்காத பிள்ளைக்குக் கதவை மூடும் பள்ளி, தனி வகுப்புக்குப் பணம் கட்டியவர் வீட்டுப் பிள்ளையை மட்டுமே உள்ளே விடும். இத்தனை போட்டி நிலவிய ஊரில் ஆள் போதாத அணியும் இருந்தது: இரண்டே ஆண்டில், 2017இல், அதே மாவட்டத்தின் வடக்கு உயர்நிலைப் பள்ளி ஆள் இல்லாமல் ஃபுட்பாலில் முதல்நிலை அணியை இறக்கவில்லை. தெற்குப் பள்ளியோடு அணியை இணைக்கக் கேட்டதையும் மாநிலச் சங்கம் ஏற்கவில்லை.

மாமனாரிடம் இதையெல்லாம் ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லேட் பஸ்ஸுக்குக் காசு யாரு குடுக்குறாக?" என்றார். பள்ளிதான் என்றேன். "அப்ப பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுதான்."

எங்கள் ஊரில் பொதுப் போக்குவரத்து கிடையாது. அந்த மஞ்சள் பேருந்து ஐந்தரைக்குக் கிளம்பி, முதலில் நெடுஞ்சாலையோர அடுக்குமாடிகளில் நிற்கும், கடைசியாகத்தான் எங்கள் தெருவுக்கு வரும். அவர் ஊர் திரும்பிய மறு ஆண்டு, வரவுசெலவில் துண்டு விழுந்து லேட் பஸ்ஸை நிறுத்தினார்கள். அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி மகளைக் காரில் அழைத்து வரத் தொடங்கினேன். அடுக்குமாடி நிறுத்தத்தில் முன்பு அவளோடு பேசிக்கொண்டே வந்து இறங்கும் இரண்டு பிள்ளைகள் அந்தப் பருவத்தில் ஓட வரவில்லை.