கப்பற்றலைவர் கோரமும் கைவிடப்பட்ட குழந்தைகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகர் வாணிகத்தாற் செழித்து விளங்கியது. தேம்ஸ் நதிக்குப் பல திசைகளிலிருந்தும் மரக்கலங்கள் வந்து சேர்ந்தன. அச்செல்வநகரின் தெருவோரங்களிலேதான் பிறந்து சின்னாளே ஆன சிசுக்கள், சில உயிருடனும் சில உயிரற்றும், கிடந்தன. கண்டும் காணாதார்போல் நடந்தோர் பலர். கண்டு நெஞ்சம் பொறாதவர் தோமஸ் கோரம் என்னும் கப்பற்றலைவர்.

கோரம் பெருஞ்செல்வரல்லர், கல்விமானுமல்லர். இளமையிலேயே கடலுக்கு அனுப்பப்பட்டவர்; அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் பகுதியிற் கப்பல் கட்டுந் தொழில் நடாத்தி மீண்டவர்; மக்கட்பேறு இல்லாதவர். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் அமைக்க அரசபட்டயம் வேண்டி அவர் 17 ஆண்டுகள் அலைந்தார். பாரிஸ் முதலிய நகரங்களில் இத்தகைய இல்லங்கள் முன்னரே இருந்தன. இலண்டனிலோ, அவை ஒழுக்கக்கேட்டை வளர்க்கும் என்ற அச்சம் செல்வர் பலரின் கையை மடக்கியது. தாயின் பிழைக்குச் சேய் உயிரால் ஈடு கொடுப்பதே ஒழுக்கம் எனக் கருதினர் போலும்! ஆடவர் தயங்கியவிடத்துக் கோரம் மகளிரை நாடினார். உயர்குடிப் பெண்டிர் 21 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் 1735 இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரிடம் சமர்ப்பிக்கப்பட்டது. 1739 ஒக்டோபரிற் பட்டயம் கிடைத்தது.

1741 மார்ச் 25 ஆம் நாள் இரவு இல்லத்தின் கதவு திறந்தது. 30 குழந்தைகளோடு இடம் நிரம்பிற்று. எஞ்சிய தாய்மார் அழுதவண்ணம் திரும்பினர். மறு ஆண்டு ஒரு புதுமுறை வந்தது. தாய் பையினுட் கைவிட்டு உருண்டை ஒன்றை எடுத்தல் வேண்டும். வெள்ளை வந்தால், குழந்தை நோயற்றதாயின் ஏற்கப்படும். சிவப்பு வந்தாற் காத்திருத்தல் வேண்டும். கறுப்பு வந்தாற் குழந்தையுடன் வெளியேற வேண்டியதே. இக்காட்சியைக் காணச் சீமாட்டியர் வந்திருந்தனர் என்பதும் வரலாறே.

இல்லத்துக்கு உதவியோர் பொருள் கொடுத்தவர் மட்டுமல்லர். ஓவியர் ஹோகார்த் தம் ஓவியங்களை வழங்கியதோடு பிற ஓவியரையும் வழங்கச் செய்தார். அவற்றைக் காண வந்தோர் அறக்கொடையாளராயினர். இசைமேதை ஹண்டெல் 1750 முதல் தமது ‘மெசாயா’ இசைக்காவியத்தை இல்லத்தின் பொருட்டு ஆண்டுதோறும் நிகழ்த்துவித்தார்.

1756 இற் பாராளுமன்றம் 10,000 பவுண் வழங்கி, கொணரப்படும் குழந்தை யாவற்றையும் ஏற்குமாறு விதித்தது. வாயிலிற் கூடை தொங்கிற்று. தொலைவூர்களிலிருந்து கூலிக்குச் சுமந்து வந்தோரும் இருந்தனர். வழியிலேயே மாண்ட சிசுக்கள் பல. நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 15,000 குழந்தைகள் சேர்ந்தன. அவருள் மூன்றில் இரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தொழில்பயிலும் பருவத்தை எய்தவில்லை. 1760 இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. இரக்கம் மிகுந்ததனால் அன்று, ஏற்றற்கு வேண்டிய ஆயத்தம் இன்மையாலேயே இக்கேடு விளைந்தது எனல் தகும்.

சிசுக்களை இல்லத்தார் நாட்டுப்புறச் செவிலித்தாயரிடம் அனுப்புவது வழக்கம். அச்செவிலியரை மேற்பார்வை செய்தோர் ஊதியம் பெறாத அயலூர்ப் பெருமக்கள். அவருட் பெண்கள் பலர். நெருக்கமான நகரினும் குடிசையின் பாலும் அணைப்புமே குழந்தைக்கு உகந்தவை என்பதை இல்லத்தின் நிருவாகியருள் ஒருவரான ஜோனாஸ் ஹான்வே வலியுறுத்தினார். அவர் முயற்சியால் 1767 இல் இயற்றப்பட்ட சட்டம், இலண்டனின் ஏழைச் சிசுக்களையும் நாட்டுப்புறத்தில் வளர்க்கப் பணித்தது. எனினும் இல்லத்துப் பிள்ளைக்கு ஐந்து வயதளவில் அந்த அன்னையும் அந்நியமானாள். வண்டி வந்தது, பிள்ளை இலண்டனுக்கு மீண்டது, சீருடையும் மணியோசையும் நீண்ட உணவுமேசையும் அதற்கு உலகமாயின. தாயை முன்னமே இழந்த குழந்தை இரண்டாமுறையும் தாயை இழந்தது. இவ்விரண்டாம் பிரிவை நிருவாகியர் கொடுமையென எண்ணியதாகத் தோன்றவில்லை.

பெற்ற தாயரோ குழந்தையுடன் அடையாளம் ஒன்றை விட்டுச்சென்றனர்: நாடாத்துண்டு, பாதி நாணயம், குழந்தையின் உடையிலிருந்து வெட்டிய சீலை. என்றேனும் மீட்க வரும்போது காட்டுதற்கு அவை வேண்டும். 1741 முதல் 1760 வரை சேர்ந்த 16,000 க்கு மேற்பட்ட குழந்தைகளுள் மீட்கப்பட்டோர் 152 பேரே. சீலைத்துண்டுகள் ஆயிரக்கணக்கில் ஏடுகளிற் பத்திரமாயிருக்கின்றன.

1926 இற் கட்டடம் விற்கப்பட்டு, இல்லம் நகரை விட்டு நீங்கியது. 1948 ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம் வளர்ப்புக் குடும்பங்களுக்கு முதன்மை அளித்தது. 1950 களில் இல்லமும் தன் பிள்ளைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. பழைய கட்டடம் நின்ற நிலத்தின் ஒருபகுதி 1936 முதற் சிறுவர் விளையாட்டிடமாக விளங்குகின்றது. பிள்ளையொன்றை உடனழைத்து வாராத முதியோர்க்கு அங்கே அனுமதியில்லை.