சதுரங்கப் பலகையின் பேரெண்

18,446,744,073,709,551,615 என்னும் எண்ணை நம் சொற்பொழிவாளர்கள் கோதுமைக் கதையாகவே கூறிவருகின்றனர். சதுரங்கத்தின் முதற்கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு என்று 64 கட்டங்களிலும் இரட்டித்து வைத்தால் சேரும் மொத்தம் அது. கதையினும் கணக்கே நம் கவனத்துக்குரியது.

கி.பி. 1000 அளவில் இயற்றிய ‘அல்ஆஸாருல் பாகியா’வில் அல்பிரூனீ இதற்குக் குறுக்குவழி வகுத்தார். ஒவ்வொரு கட்டத்தின் தொகையும் முந்தியவை அனைத்தின் கூட்டைவிட ஒன்றே மிகுதி. ஆகவே, 65-ஆம் கட்டம் ஒன்று இருப்பதாகக் கொண்டு, அதன் தொகையில் ஒன்றைக் கழித்தால் போதும். அத்தொகையோ 16-ஐத் தொடர்ந்து நான்கு முறை வர்க்கமாக்கினால் கிடைத்துவிடும்: 256, 65,536, 4,294,967,296, அடுத்தது விடை. அறுபத்து நான்கு எண்களைக் கூட்டும் உழைப்பு நான்கு பெருக்கல்களில் அடங்கிவிட்டது!

வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (இறப்பு 1282) இம்மொத்தத்தை முதலில் நம்பவில்லை. அலெக்சாந்திரியாவின் கணக்கர் ஒருவர் எழுதிக் காட்டிய பின்னரே ஏற்றார்.