பிரெஞ்சுக்காரன் லாரி

எங்க பெரியப்பா வீட்டுக் களத்து ஓரத்துல, புளியமரத்தடியில ஒரு மூக்கு வச்ச லாரி நிக்குது. சக்கரம் பாதி மண்ணுக்குள்ள. தொட்டி மரமெல்லாம் கரையான் தின்னுட்டுது. நான் சின்னப் பையனா இருந்தப்பவே அது ஓடல. ஊருல எல்லாரும் அதை 'பிரெஞ்சுக்காரன் லாரி'ன்னுதான் சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் புதுச்சேரிய விட்டுப் போனப்ப விட்டுட்டுப் போன வண்டின்னு கதை.

பெரியப்பாவுக்கு அந்த வண்டி சும்மா வரல. இளவயசுல அதுல கிளீனரா ஏறினவர், பிறகு டிரைவர் ஆனார். பல வருஷச் சம்பள பாக்கிய முதலாளியால கொடுக்க முடியல. அதுக்குப் பதிலா வண்டியக் கொடுத்துட்டார். கொடுக்கும்போது, "இது பிரெஞ்சு வண்டிடா, விலை மதிக்க முடியாது"ன்னு சொன்னாராம். அந்த ஒரு சொல்ல வச்சுத்தான் பெரியப்பா இத்தனை வருஷமா பழைய இரும்புக்காரனுக்குப் போடாம வச்சிருக்கார்.

போன வருஷம் டவுன்ல தங்கும் விடுதி நடத்துற ஒருத்தர் வந்து பார்த்தார். வாசல்ல நிறுத்தி வைக்கணுமாம். "பிரெஞ்சு வண்டின்னா ஒரு விலை, இல்லன்னா இரும்பு விலை"ன்னு சொல்லிட்டுப் போனார். அப்பத்தான் எனக்கும் இது நிஜமா என்ன வண்டின்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு.

மேட்டுப்பாளையம் லாரி நிறுத்தம் பக்கத்துல பட்டறை வச்சிருந்த ஒரு பழைய ஆளைக் கூட்டிட்டு வந்தேன். எல்லாரும் மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க. அவர் பானட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கல. "முதல்ல இது என்ன இல்லன்னு பார்ப்போம்"னார்.

அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஓடின லாரிங்க நாலஞ்சு இனம்தான். பம்பாய்ல ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேர்ந்து வண்டி பூட்டிக்கிட்டிருந்தது. உள்நாட்டுலயே பாகம் செய்யணும்னு நம்ம அரசாங்கம் கண்டிப்பா சொன்னதும் 1954 வாக்குல கடையக் கட்டிட்டாங்க. ஃபோர்டும் அப்படித்தான். பம்பாய் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோன்னு போட்டது. ரெண்டும் ஒரே வண்டிதான், பேர்ப்பலகை மட்டும் வேற. பெட்ரோல் குடிக்கிற அந்த மாதிரி வண்டிகள்ல சென்னை சிம்ப்சன் கம்பெனி செஞ்ச பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சு ஓட்டினவங்க நிறைய. எண்ணூர்ல 1948ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் முதல்ல ஆஸ்டின் கார் பூட்டினது. பிறகு இங்கிலாந்து லேலண்டோட சேர்ந்து காமெட் லாரி விட்டது. 1955ல அசோக் லேலண்டுன்னு பேரே மாறிடுச்சு.

பிரெஞ்சு வண்டின்னா பெர்லியே, ரெனால்ட், சிட்ரோயன். பெர்லியே லியோன் நகரத்துக் கம்பெனி. அதோட சின்னம் ரயில் இன்ஜின் முகம். லாரிக்கு ஏன் ரயில்னு கேட்டீங்கன்னா, 1905ல அமெரிக்காவுல ரயில் இன்ஜின் செய்யுற கம்பெனி இவங்ககிட்ட கார் செய்ய உரிமை வாங்கிச்சு. அந்தப் பெருமைக்கு வச்சுக்கிட்ட சின்னம்.

பெரியப்பா விடல. "ஸ்பானரப் பாரு மேஸ்திரி. லேலண்டுக்கு, டாட்ஜுக்கெல்லாம் இஞ்சு ஸ்பானர். இதுக்கு மில்லிமீட்டர்தான் சேரும். மில்லிமீட்டர் யாரோடது? பிரெஞ்சுக்காரனோடது!"

எனக்கு ஆடிப்போச்சு. மீட்டர் கணக்கு பிரான்சுல பொறந்ததுதானே. மேஸ்திரி போல்ட்டுல பதினேழாம் நம்பர் ஸ்பானரப் போட்டார். கச்சிதமா உக்காந்துச்சு. "சரிதான் அய்யா. ஆனா ஜெர்மன்காரனும் மில்லிமீட்டர்தான்"னார்.

அப்புறம்தான் வேலை ஆரம்பிச்சுது. இன்ஜின் ஆறு சிலிண்டர். டீசல் பம்புல பித்தளைத் தகடு, அதுல மைக்கோ, பெங்களூர்னு இருந்துச்சு. நான் குதிச்சேன். மேஸ்திரி கையமர்த்தினார். பம்பு மாத்தியிருக்கலாம், இன்ஜினே மாத்தியிருக்கலாம், சேசிஸ்தான் பேசணும்னார். சட்டத்துல துரு ஒரு விரக்கடைக்கு ஏறிக் கிடந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு ரெண்டு நாள் ஆச்சு. எழுத்து தெரிஞ்சதும் வெள்ளைத்தாள வச்சு பென்சில் தேய்ச்சு அச்சு எடுத்தோம், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்போமே அப்படி. ரேடியேட்டர் கூட்டுல நாலு கோட்டு பெயிண்டச் சுரண்டினா, நடுவுல வட்டமா ஒரு தடம், அதுக்குள்ள மூணு முனை.

டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ். எல் 312. ஜாம்ஷெட்பூர்.

டாட்டாவும் ஜெர்மனி டைம்லர் பென்சும் 1954ல ஒப்பந்தம் போட்டாங்க. முதல் லாரி அந்த வருஷம் அக்டோபர்ல வெளிய வந்துச்சு. 1969ல ஒப்பந்தம் முடிஞ்சதும் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்துச்சு. ஆக நட்சத்திரம் இருந்த வண்டி இந்தப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள பொறந்தது. அதே 1954 அக்டோபர் 18ஆம் தேதிதான் கீழூர்ல ஓட்டெடுப்பு. இந்தியாவோட சேர 170 பேர், வேணாம்னு 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிச்சு. பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனதா இருக்க வழியே இல்ல.

இதை பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சொன்னப்ப அவர் ஒண்ணும் பேசல. வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தார். முதலாளி தன்னை ஏமாத்திட்டாரோன்னு நினைச்சிருப்பார்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. பெரியப்பா கிளீனரா ஏறினது 1960 பொங்கல் கழிச்சு. அப்ப வண்டி புதுசு மாதிரி இருந்துச்சுன்னு அவரே சொல்வார். ஆட்சி 1954ல மாறினாலும், சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடது ஆனது 1962 ஆகஸ்ட் 16லதான். 1956ல போட்ட ஒப்பந்தத்துக்கு பிரான்ஸ் பார்லிமென்ட் அத்தனை தாமதமாத்தான் சம்மதம் கொடுத்துச்சு. கடலூர் ரோட்டுல போனீங்கன்னா இப்பவும் புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரின்னு மாறி மாறி வரும். அந்த ரெண்டு வருஷமும் எங்க பெரியப்பா நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு, காகிதத்துல பிரான்ஸா இருந்த மண்ணுலேர்ந்து இந்தியாவுக்குப் போய்ப் போய் வந்திருக்கார். ஜாம்ஷெட்பூர் வண்டியில, ஜெர்மன் இன்ஜின்ல.

காலையில போய்ச் சொன்னேன். "அப்ப முதலாளி முழுப் பொய் சொல்லல"ன்னார். அவ்வளவுதான்.

விடுதிக்காரர்கிட்டயும் உள்ளதைச் சொன்னேன். அவர் அசரல. "யாருங்க சேசிஸ் பார்க்கப் போறா? நீலம் வெள்ளை சிவப்பு அடிச்சு நான் பார்த்துக்கிறேன், நீங்க வாயத் திறக்காதீங்க"ன்னார். சொன்ன விலை எங்க வீட்டு ஒரு போகத்து நெல்லுப் பணத்தை விட அதிகம். டவுன்ல பாதிக் கடை இப்படித்தான் நடக்குது, அது அவங்க பிழைப்பு. ஆனா பெரியப்பா கூப்பிட்டு, "நட்சத்திரத்த மறைச்சா வண்டி இல்ல"ன்னுட்டார். அந்த ஆள் அப்புறம் போன் பண்ணல.

இப்ப நாங்களே மெல்ல மெல்லப் பார்க்கிறோம். இன்ஜின் ஜாம் ஆகிக் கிடந்துச்சு. இன்ஜெக்டரக் கழட்டி, அந்த ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி பதினஞ்சு நாள் ஊற விட்டோம். நேத்து கிராங்க் போட்டப்ப கால் சுத்து அசைஞ்சுது. பம்ப டவுன்ல சர்வீசுக்குக் கொடுத்திருக்கு. தொட்டிக்கு மரம் அறுவடை முடிஞ்சு, தை மாசத்துக்கு அப்புறம்தான் வாங்க முடியும். முன்பக்கக் கண்ணாடி ரப்பர் எங்கயும் கிடைக்கல. உங்கள்ல யாருக்காவது அந்தக் காலத்து பென்ஸ் லாரி சாமான் வச்சிருக்கிற கடை தெரிஞ்சா சொல்லுங்க.